இருட்டறையில் வளர்ந்த குடில் புல்

1

ஈஸ்டருக்கு வெளிவரும் நம் கோயில் பங்கு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மரக்காணத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 'பிரான்சில் தாங்கள் அடைந்த உயர்வைப் பற்றி, நம் இளைஞர்களுக்கு ஊக்கமூட்டும் வகையில்' எழுத வேண்டுமாம். கூடவே ஒரு புகைப்படம், பின்னால் ஏதாவது பெரிய கட்டடம் தெரியும்படி. எழுபத்தொன்றில் வந்தேன். போன டிசம்பரோடு ஏழு வருஷம் முடிந்தது. இந்த ஏழு வருஷத்தில் நான் அடைந்த உயர்வு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாவது மாடி. தினமும் இரண்டு தடவை மூச்சு வாங்க வாங்க அடைகிறேன்.

ஊக்கம் தேடுகிற இளைஞர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டித் திருமண அறிவிப்புகளுக்குப் போய்விடலாம். நான் எழுதப்போவது, போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கதவு பத்து எண்ணுகிற நேரம் திறந்து கிடந்ததைப் பற்றி. என் உத்தியோகம் அந்தப் பத்துக்குள் மாட்டிக்கொண்டது.

2

நான் இங்கே வந்தது அறிவுத் தாகத்தால் அல்ல, கல்யாணத்தால். என் மனைவி பிலோமினாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் புதுச்சேரியில் பென்ஷன் வாங்குகிறவர். சிப்பாயை அங்கே சொல்தா என்பார்கள். சொல்தா வீடு என்று சொன்னால் அந்தத் தெருவில் எல்லாரும் கை காட்டுவார்கள். அவர் பிரெஞ்சுக் குடிமகன். அதனால் அவர் மகளும் பிரெஞ்சுக் குடிமகள், எங்கள் மகள் செசிலியும் பிரெஞ்சுக் குடிமகள். வீட்டில் நான் ஒருத்தன்தான் இந்தியன். வருஷத்துக்கு ஒரு தடவை காலை ஐந்து மணிக்கே குடியிருப்பு அனுமதி ஆபீஸுக்குப் போய் வரிசையில் நின்று, நான் இன்னும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டியவனும் நான்தான்.

முதல் வருஷம் அங்கே இருந்த அம்மாள் பிறப்புச் சான்றிதழ் கேட்டாள். என்னிடம் இருந்தது மரக்காணம் கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'உங்கள் தலையில் தண்ணீர் ஊற்றியதற்கு ஆதாரம் இருக்கிறது, பிறந்ததற்கு இல்லையே' என்றாள். எதிரில் நிற்கிறேனே, போதாதா என்று கேட்கும் அளவுக்கு அன்று எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. இன்று வரும். அதனால்தான் கேட்பதில்லை.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பாவின் பெயரை எழுதினேன். வேறு என்னத்தை எழுதுவது? அதிலிருந்து நான் அந்தோணி இல்லை, முசியே சவரிமுத்து. என் அப்பா உப்பளத்தைத் தாண்டி வானூர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போனவர், அதுவும் யாரோ கூட்டிக்கொண்டு போனதால். செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, பிரான்சில் அவரைத் தினமும் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள்.

வேலை என்று சொன்னேன் அல்லவா. முதல் இரண்டு வருஷம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். பிறகு என் பி.எஸ்ஸி. தாவரவியலுக்கு யாரோ இரக்கப்பட்டு ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். தற்காலிகம். வருஷா வருஷம் பிப்ரவரியில் ஒப்பந்தம் முடியும். நிரந்தரமாக வேண்டுமானால் பேராசிரியர் ஒரு கடிதம் எழுதித்தர வேண்டும். அவர் எழுதாவிட்டால் நான் மறுபடி பெட்டி தூக்கப் போக வேண்டும். முன்பு தூக்கிய முதுகு இப்போது இல்லை. உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் என் அண்ணன் ஆரோக்கியசாமி எழுதும் ஒவ்வொரு கடிதமும் 'பெர்மனென்ட் ஆயிடுச்சா?' என்றுதான் தொடங்கும். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

3

என் உத்தியோகம் என்ன என்பதை ஊரில் யாருக்கும் இதுவரை புரிய வைக்க முடிந்ததில்லை. ஒரு தடவை முயன்று பார்க்கிறேன்.

ஒரு செடியின் இலையிலும் தண்டிலும் வேரிலும், ஒவ்வொரு செல்லுக்குள்ளும், ஒரே புத்தகம்தான் இருக்கிறது. மரபணு என்று சொல்கிறார்களே, அது எழுதியிருக்கிற புத்தகம். இலைக்கு ஒரு பதிப்பு, வேருக்கு ஒரு பதிப்பு என்று கிடையாது. அப்படியானால் இலை ஏன் பச்சையாக இருக்கிறது, வேர் ஏன் வெளுத்துக் கிடக்கிறது? எல்லாரும் எல்லாப் பக்கத்தையும் படிப்பதில்லை, அதனால்தான். எந்தப் பக்கம் திறக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று வெளிச்சம். இன்னொன்று அந்தச் செல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்லி என்கிற வாற்கோதுமையைக் கும்மிருட்டில் ஏழு நாள் வளர்ப்போம். அது மஞ்சளாக, நெட்டையாக, பார்க்கவே பாவமாக நிற்கும். அதற்கு ஐந்து நிமிஷம் சிவப்பு வெளிச்சம் காட்டிவிட்டு மறுபடி இருட்டில் வைத்துவிடுவோம். அந்த ஐந்து நிமிஷம் போதும். சில மணி நேரத்தில் இலையின் செல்களில் அதுவரை மூடிக் கிடந்த ஒரு பக்கம் திறந்துகொள்ளும். பச்சையத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான பக்கம் அது. வேரின் செல்களிலும் அதே பக்கம் இருக்கிறது. ஆனால் எங்கள் கோதுமை வேருக்கு ஐந்து நிமிஷம் அல்ல, ஐந்து நாள் வெளிச்சம் காட்டினாலும் அது புத்தகத்தைத் தொடாது.

இதைக் கண்டுபிடிக்க இலையையும் வேரையும் தனித்தனியாக வெட்டி, உறைய வைத்து, அரைத்து, வடிகட்டி, கடைசியில் ஒரு எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கோடு விழுந்தால் பக்கம் திறந்திருக்கிறது. விழாவிட்டால் மூடியிருக்கிறது. வெட்டுவதையும் இருட்டிலேயே வெட்ட வேண்டும், மங்கலான ஒரு பச்சை விளக்கில். வெயிலில் உப்பு வெளுத்துப் பளபளக்க, ஊரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடக்கிற இடத்தில் பிறந்தவன் நான். என்னைக் கூட்டி வந்து, வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிற வேலையில் வைத்திருக்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். உப்பளத்து வரப்பில் வெயில் பக்கம் இருக்கிற உமரிச் செடி செக்கச்செவேல் என்று இருக்கிறது, மதகு நிழலில் இருக்கிற உமரி பச்சையாக இருக்கிறது, இரண்டும் ஒரே செடிதானே, ஏன் இப்படி என்று. அண்ணன் உப்பு வாரும் வாரிப்பலகையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னான்.

"டேய், வெயில்ல நின்னா கருத்துப்போறேன் நானு. அது செவந்துபோவுது. இதுக்குப் போயி காலேஜா?"

அவன் சொன்னதை ஆறு பக்கம் நீட்டி, அடிக்குறிப்பு போட்டால் எங்கள் பேராசிரியரின் கட்டுரை வந்துவிடும்.

4

இனி குடில் புல். மரக்காணத்துக் கத்தோலிக்கர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மலரை மற்றவர்களும் படிப்பார்கள் என்று ஆசிரியர் நம்புகிறார்.

கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவைச் சுற்றிப் பசும்புல் வேண்டும். அதற்காகத் தட்டில் கேழ்வரகு விதைப்போம். எங்கள் தெருவில் யார் வீட்டுப் புல் உயரம் என்பதுதான் பேச்சு. குழந்தை யார் கண்ணிலும் படாது, புல்லைத்தான் சாண் வைத்து அளப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு தந்திரம் உண்டு. விதைத்த தட்டை ஈரச் சாக்கு போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். இருட்டில் அது வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு விறுவிறுவென்று நீளும். மஞ்சளாக, நூலாக நீண்டபிறகு, கடைசி மூன்று நாள் வெயிலில் வைத்தால் பச்சை பிடித்துவிடும். உயரமும் கிடைத்தது, நிறமும் கிடைத்தது.

இந்த வேலைக்கு என்னை நேர்காணல் செய்தபோது, 'இருட்டில் செடி வளர்த்த அனுபவம் உண்டா?' என்று பேராசிரியர் கேட்டார். ஆறு வயதிலிருந்து உண்டு என்றேன். இந்தியாவில் கல்வி அவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதா என்று ஆச்சரியப்பட்டார். கட்டிலையும் சாக்கையும் பற்றி நான் சொல்லவில்லை.

செசிலிக்கு ஒன்பது வயது. அவளை இரண்டு வயதில் தூக்கி வந்தோம். பள்ளிக்கூடத்தில் அவள் செசில். வீட்டிலும் செசில் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு வருஷமாகத் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது. புரியாமல் இல்லை. புரிந்துகொண்டுதான் பிரெஞ்சில் சொல்கிறாள். "தமிழ்ல சொல்லுடி" என்று நான் கத்துவேன். அவள் அதைவிட அழகான பிரெஞ்சில், கத்துவது உடம்புக்கு நல்லதல்ல என்பாள்.

"வுடுங்க. சோறு போதும்ன்றத எந்த பாஷைல சொன்னா என்ன? கைய காட்டறா, எனக்குப் புரியுது" என்பாள் பிலோமினா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்துவிட்டு வந்து காலை நீட்டி உட்காருகிறவளுக்குப் பாஷைச் சண்டையில் ஆர்வம் இருப்பதில்லை.

என்னால் விட முடியவில்லை. அந்த வருஷம் குடில் வைத்தே தீருவது, அதுவும் ஊர் முறைப்படி கேழ்வரகுப் புல்லோடு, என்று முடிவு கட்டினேன். கடையில் பச்சைக் காகிதம் விற்கிறதே, அது போதாதா என்றாள் செசிலி, பிரெஞ்சில். போதாது என்றேன், தமிழில். ஒரு கைப்பிடி கேழ்வரகு முளைத்தால் என் மகள் மரக்காணத்துக்காரி ஆகிவிடுவாள் என்று நம்பினேன். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறவனின் நம்பிக்கை இது.

கேழ்வரகைக் கொண்டு வந்தவர் கோட்டக்குப்பத்து பாய். அவர் தங்கை குடும்பம் இங்கே இருக்கிறது. வானூர் சந்தையில் அண்ணன் வாங்கிக் கொடுத்ததைப் பெட்டிக்குள் லுங்கியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"ஏம்பா அந்தோணி, ஊறுகா கேப்பாங்க, கருவாடு கேப்பாங்க. கேவுரு கொண்டான்னு கேட்டவன் நீ ஒருத்தன்தான். கஸ்டம்ஸ்ல பெட்டிய தொறந்திருந்தான்னா என்னான்னு சொல்லியிருப்பேன்?"

"சாமிக்குன்னு சொல்லியிருக்கலாமே பாய்."

"ஒங்க சாமிக்கு நான் எதுக்குப்பா மாட்டிக்கணும்?" என்றார். ஆனாலும் புல் வளர்ந்ததும் சொல்லு, வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

டிசம்பரில் எங்கள் வீடு கேழ்வரகு முளைக்கிற இடம் அல்ல. வீட்டுக்காரர் வீட்டைச் சூடாக்கும் கணப்பைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் விடுவார். மற்ற நேரத்தில் நாங்களே முளைக்க மாட்டோம்.

இந்த ஊரில் நான் அறிந்து இரவும் பகலும் மரக்காணத்துச் சூடு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஆய்வுக்கூடத்து இருட்டறை. இருபத்தைந்து டிகிரி, நல்ல ஈரம், கும்மிருட்டு. கட்டிலுக்கு அடியை அரசாங்கச் செலவில் கட்டி வைத்திருக்கிறார்கள். மீன் கடையில் ஒரு மரப்பெட்டி வாங்கி, மண் போட்டு, கேழ்வரகைத் தூவி, சாக்கு போட்டு மூடி, கீழ்த் தட்டின் மூலையில் தள்ளிவிட்டேன். மேல் தட்டுகளில் பேராசிரியரின் வாற்கோதுமை நின்றது. பத்து வருஷமாக அவர் ஒரு பந்தயத்தில் இருந்தார். வெளிச்சமே படாவிட்டாலும் கோதுமை அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறக்கத்தான் செய்கிறது என்பது அவர் கட்சி. இல்லவே இல்லை என்பது மற்ற எல்லாருடைய கட்சி. கேழ்வரகு எந்தக் கட்சியிலும் இல்லாமல் ஏழே நாளில் நன்றாக நீண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுக்கப் போனேன். பிலோமினாவுக்கு அன்று வேலை நாள். செசிலியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இருட்டறைக்கு இரண்டு கதவு. நடுவில் ஓர் ஆள் மட்டும் நிற்கிற அளவுக்கு இடம். வெளிக்கதவைச் சாத்தின பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். ஐந்து வருஷத்தில் நான் ஒரு தடவையும் தவறியதில்லை. ஆனால் ஐந்து வருஷத்தில் ஒரு தடவையும் நான் மீன் பெட்டி தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் இல்லை.

ஈர மண்ணோடு பெட்டி கனத்தது. குறுக்கே திருப்ப முடியவில்லை. முன் பக்கத்தை நான் பிடிக்க, பின் பக்கத்தை உள்ளேயிருந்து செசிலி பிடித்துக்கொண்டாள். பெட்டியின் ஒரு முனை உள்கதவில் இருக்கும்போதே மறுமுனை வெளிக்கதவை இடித்துத் திறந்தது. நடைவழியின் குழல் விளக்கு நேராக உள்ளே அடித்தது. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்று பார்த்தேன். வரிசை வரிசையாக மஞ்சள் கோதுமை நின்றது. இழுத்து, நெளித்து, கதவைக் காலால் சாத்துவதற்குள் பத்து எண்ணியிருக்கலாம்.

"தப்பா?" என்று செசிலி பிரெஞ்சில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. யாரும் பாக்கல, வா" என்றேன் நான்.

மறுநாள் காலையில் அந்தக் கோதுமையை நான்தான் வெட்டினேன். சீட்டில் 'இருட்டு, ஏழு நாள்' என்று என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. பத்து விநாடிதானே என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்துக்கும் பத்து விநாடிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும், கோதுமைக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒட்டினேன்.

6

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மரம் ஜோடித்து, கேக் வெட்டி, ஆளுக்கொரு பொம்மை கொடுப்பார்கள். கடவுளைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள். அது அரசாங்கக் கட்டடம்.

அன்று பேராசிரியர் ஃபிலிமோடு வந்தார். காலையில்தான் கழுவி எடுத்திருந்தார்கள். மரத்து விளக்குக்கு எதிரே அதைத் தூக்கிப் பிடித்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். 'வேர்' என்ற வரிசை வெற்றாக இருந்தது. 'வெளிச்சம், இலை' என்ற வரிசையில் தடித்த கறுப்புக் கோடு இருந்தது. 'இருட்டு, இலை' என்ற வரிசையில், எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், இன்னொரு கோடு. மெல்லியதுதான், ஆனால் குருடனுக்கும் தெரியும். பத்து வருஷத்துப் பந்தயம்! ஜனவரி மாதக் கூட்டத்தில் அறிவிக்கப் போவதாகச் சொன்னார். அறுபது வயது மனிதர், மூக்கு நுனி சிவந்து, புதுச் சட்டை போட்ட பையனைப் போல நின்றார்.

என்னைப் பார்த்ததும் தோளில் கை போட்டார். "முசியே சவரிமுத்து, இந்தத் தட்டுகள் உங்கள் கை வேலை. பிப்ரவரி என் நினைவில் இருக்கிறது" என்றார். ஐந்து வருஷமாக அண்ணன் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் என் தோள் மேல் இருந்தது.

பிறகு அவர் குனிந்து செசிலிக்கும் விளக்கினார். பிள்ளைகளிடம் நன்றாகப் பேசுவார். "பார், இந்தச் செடி ஏழு நாள் முழு இருட்டில் இருந்தது. ஒரு துளி வெளிச்சம் பார்க்கவில்லை. ஆனாலும் இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. ஏன் என்று நினைக்கிறாய்?"

செசிலி ஃபிலிமைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு வருஷமாக நான் கெஞ்சியும் கத்தியும் வராதது, மெதுவாக, சுத்தமான மரக்காணத்துத் தமிழில் வந்தது.

"அப்பா, யாரும் பாக்கலன்னு சொன்னியே. அது பாத்துடுச்சுப்பா."

நான் அந்த மெல்லிய கோட்டைப் பார்த்தேன்.

"சொல்லிடுப்பா" என்றாள்.

அவள் பிரெஞ்சிலேயே சொல்லியிருக்கலாம். கேள்வி பிரெஞ்சில்தான் கேட்கப்பட்டது. அத்தனை பேர் நடுவில் அப்பாவின் மானம் போகக் கூடாது என்று, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷைக்குள் அதைப் பொத்தி வைத்துக் கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்தையும் அந்த அவமானத்தையும் ஒரே நேரத்தில் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று பேராசிரியர் ஆவலாகக் கேட்டார்.

அந்தக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எங்களைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஏழு வருஷமாக எனக்குத் தொந்தரவாக இருந்த விஷயம் அன்றுதான் உதவிக்கு வந்தது.

"கேக் வேண்டும் என்கிறாள்" என்றேன்.

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். தானே போய்ப் பெரிய துண்டாக வெட்டி, காகிதத் தட்டில் வைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தமிழ் தெரியும், பேராசிரியருக்குப் பிரெஞ்சு தெரியும் என்று கணக்குப் போட்டவன், இரண்டும் முழுசாகத் தெரிந்த ஓர் ஆள் நடுவில் நிற்பதை மறந்துவிட்டேன். என் மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்கு அந்தக் கட்டடத்திலேயே தகுதி உள்ள ஒரே ஆள் அவள்தான். அவள் திருத்தவில்லை. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"முசியே, அவள் சொன்னது அது இல்லை" என்றேன்.

சொல்லி முடித்தேன். மீன் பெட்டி, கேழ்வரகு, குடில், குழல் விளக்கு, பத்து விநாடி, மறுநாள் நான் ஒட்டிய சீட்டு, எல்லாவற்றையும். என் பிரெஞ்சில் வினைச்சொற்கள் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தாவிக்கொண்டிருந்தன. செய்த தப்பை இனிமேல் செய்யப்போவதாக இரண்டு இடத்தில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் கத்தவில்லை. மூன்று கேள்வி கேட்டார். எந்த ஞாயிறு? எத்தனை விநாடி? குழல் விளக்கா, பல்பா? பிறகு ஃபிலிமை உறையில் போட்டுக்கொண்டு, மேல்கோட்டை மறந்துவிட்டு, குளிரில் வெளியே போனார்.

7

ஜனவரியில் அந்தச் சோதனையை மறுபடி செய்தோம். வேர் வெற்று. வெளிச்சத்து இலையில் கோடு. இருட்டு இலை வெற்று, துடைத்து வைத்த மாதிரி வெற்று. கூட்டத்தில் பேராசிரியர் வேறு எதையோ பற்றிப் பேசினார். பத்து வருஷத்துப் பந்தயத்தை முடித்து வைத்த பெருமை வானூர் சந்தைக் கேழ்வரகுக்குத்தான் சேரும். யாரும் எந்தக் கட்டுரையிலும் நன்றி தெரிவிக்கப் போவதில்லை.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம். 'தவறைத் தானே தெரிவித்ததைக் கருத்தில் கொண்டு' என்று ஒரு வரி இருந்தது. இருட்டறைக் கதவில் புது அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள்: 'மத நோக்கத்துக்காகச் செடி வளர்க்க அனுமதியில்லை.' புகைப்படம் கேட்டிருந்தீர்கள் அல்லவா, அந்த அறிவிப்புக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததை அனுப்பியிருக்கிறேன். பெரிய கட்டடம் அதற்குப் பின்னால் இருக்கிறது, தெரியாது. அண்ணனுக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆரோக்கியசாமி அண்ணே, இன்னும் ஆகவில்லை.

குடில் வைத்தோம். புல் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நோயாளி நிறத்தில் நின்றது. கோட்டக்குப்பத்து பாய் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா நான் கஸ்டம்ஸ்காரன்கிட்ட பயந்து செத்தேன்?" என்றார்.

செசிலி, கேக் வெட்டிய நாளுக்கு மறுநாளே மறுபடி பிரெஞ்சுக்குப் போய்விட்டாள். நான் தமிழில் கேட்கிறேன், பிரெஞ்சில் பதில் வருகிறது. இப்போது நான் கத்துவதில்லை. அந்தப் பக்கம் கிழிந்து போகவில்லை, மூடித்தான் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டேன். இந்த ஊர் வெளிச்சத்தில் அவள் இலையாக இருக்கிறாள். நான் வேர். ஏழு வருஷம் காட்டியும் பச்சை பிடிக்கவில்லை. இதில் யார் மேலும் தப்பு இல்லை என்று ஆய்வுக்கூடத்தில் தினமும் பார்த்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்து அவளைத் திட்டியிருக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று பேராசிரியர் வெளியே போனபிறகு, கூடத்தில் எல்லாரும் எங்களைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றேன். செசிலி என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுவரை கையிலேயே வைத்திருந்த கேக்கை அப்போதுதான் தின்ன ஆரம்பித்தாள்.